வெண்பனியில் கூடாரம் அமைத்தல்

வெண்பனியில் கூடாரம் அமைத்தல் என்பது, தரை முழுவதும் வெண்பனியால் மூடப்பட்ட குளிர்காலச் சூழலில் தங்குவதற்காகக் கூடாரத்தை நிறுவி, அது நிற்கும் வரை பேணும் நுட்பம் ஆகும். மலையேறிகள், துருவப் பயணிகள், அறிவியல் ஆய்வாளர்கள், உயர்மலைப் படைவீரர்கள் ஆகியோர் இதனைக் கையாளுகின்றனர். கோடையில் மண்தரையில் கூடாரம் அடிப்பதிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது. மண்ணில் அடித்த முளை நிற்கும். தளர்ந்த வெண்பனியில் அடித்த அதே முளை இரு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும். மண்தரை படுப்பவரின் உடற்சூட்டால் உருமாறாது. வெண்பனித்தரை உருகிக் குழிந்து மீண்டும் உறையும். கோடையில் கூடாரம் கிழிந்தால் நனைய நேரிடும். −30 பாகை செல்சியசில் கூடாரத்தை இழந்தவர் உயிரையே இழக்கக்கூடும்.

சொற்பயன்பாடு

தமிழில் பனி என்னும் சொல் புல்நுனியில் துளிர்க்கும் நீரையும், மார்கழிக் காலையில் படரும் மூடுபனியையும், இமயத்தில் பொழியும் வெள்ளைப் படிகங்களையும் ஒருசேரக் குறிக்கிறது. குழப்பத்தைத் தவிர்க்க, வானிலிருந்து படிகங்களாக விழுந்து தரையில் படிவது இக்கட்டுரையில் வெண்பனி எனவும், நீர் முழுதாக உறைந்து இறுகியது பனிக்கட்டி எனவும், ஈரக்காற்று நேரடியாகத் துணியின்மீது உறைந்து படிவது உறைபனி எனவும் வழங்கப்படுகின்றன. மூன்றும் ஒரே நீர்தான் எனினும் கூடாரம் அமைப்பவருக்கு மூன்றும் வெவ்வேறு பொருள்கள்.

வெண்பனியின் இயல்புகள்

புதிதாக விழுந்த வெண்பனியின் பெரும்பகுதி காற்றே. அதன் அடர்த்தி பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோகிராம் வரை இருக்கும். நாட்பட்டுப் படிந்த வெண்பனி 200 முதல் 300 கிலோகிராமையும், காற்றால் அடித்து இறுக்கப்பட்டது 400 கிலோகிராமையும் எட்டலாம். பனிக்கட்டியின் அடர்த்தி 917 கிலோகிராம் ஆகும். காற்று மிகுதியாக அடைபட்டிருப்பதால் வெண்பனி நல்ல வெப்பக்காப்புப் பொருளாகவும் விளங்குகிறது. துருவ நரி முதல் மனிதர் வரை பலரும் அதனுள் குழி தோண்டித் தங்குவதற்கு இதுவே காரணம்.

கூடாரம் அமைப்பவருக்கு மிகவும் பயன்படும் இயல்பு மற்றொன்று. வெண்பனியை மிதித்து அழுத்திச் சிறிது நேரம் தொடாமல் விட்டால், படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் நீராவி படிந்து உறைந்து கழுத்துப் போன்ற இணைப்புகள் உருவாகின்றன. உருகாமலேயே துகள்கள் ஒட்டிக்கொள்ளும் இந்நிகழ்வு, உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றித் திண்மப் பொருளாக்கும் தொழில்முறைக்கு ஒப்பானது. மிதித்த அரைமணி நேரத்தில் மாவு போலிருந்த வெண்பனி, ரம்பத்தால் அறுக்கக்கூடிய கட்டியாக மாறிவிடும். கடுங்குளிரில் இதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். கூடாரத்தின் தளம், நங்கூரம், காற்றுத் தடுப்புச் சுவர் ஆகிய மூன்றும் இந்த இயல்பை நம்பியே அமைகின்றன. அவசரப்படுபவரின் கூடாரம் வெண்பனியில் நிற்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

இடத்தெரிவு

மற்ற எல்லாப் பிழைகளையும் இரவில் எழுந்து திருத்தலாம். இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்த பிழையைத் திருத்த இயலாது. முதலில் கருத வேண்டியது பனிச்சரிவு. பலகை போல ஒட்டுமொத்தமாகப் பெயர்ந்து சரியும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் தொடங்குகின்றன. ஆனால் அவை தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. கீழேயுள்ள சமதரையிலும் நெடுந்தூரம் பாயும். ஆதலால் கூடாரம் நிற்கும் இடம் சமமாக இருந்தால் போதாது. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒரு பக்கக் கிளைகள் முறிந்த மரங்களும், காட்டின் நடுவே மேலிருந்து கீழாக மரமின்றிக் கிடக்கும் நீண்ட பட்டைகளும் முன்பு பனிச்சரிவு வந்த தடங்கள்.

பனியாறுகளின்மீது கூடாரமிடும்போது பனிப்பிளவுகள் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கிடக்கும். அலாஸ்காவிலுள்ள 6,190 மீட்டர் உயரமான டெனாலி மலைக்குச் செல்வோர் காகில்ட்னா பனியாற்றில் முகாமிடும்போது, நீண்ட கோலால் இடம் முழுவதையும் குத்திப் பார்த்து, பிளவு இல்லாத எல்லையைச் சிறு குச்சிகளால் குறித்த பின்னரே இடுப்பில் கட்டிய கயிற்றை அவிழ்ப்பர். அந்த எல்லைக்கு வெளியே கயிறின்றிக் கால் வைப்பதில்லை, சிறுநீர் கழிக்கக் கூட.

பள்ளத்தாக்கின் அடிப்பகுதி காற்றற்றதாகத் தோன்றினாலும், இரவில் அடர்த்தி மிகுந்த குளிர்காற்று வழிந்து அங்கு தேங்கும். சற்றே மேலேறினால் சில பாகைகள் வெதுவெதுப்பான இடம் கிடைப்பதுண்டு. மாறாக மலைமுகடு காற்றுக்கு நேரடியாக ஆட்படும். மரங்களின் அடியில் காற்று குறைவு. ஆனால் கிளைகளில் தேங்கிய வெண்பனி திடீரென்று கொட்டிக் கூடாரத்தை அமிழ்த்தலாம். காலை வெயில் விழும் இடமாகப் பார்ப்பது நன்று. உறைந்த துணிகளை உலர்த்துவதற்கு அதைவிட மலிவான வழி வேறில்லை.

தியாத்லோவ் கணவாய் நிகழ்வு

கூடாரத்துக்கான இடத்தைப் பற்றிய பேச்சில் தவிர்க்க முடியாதது, 1959 பெப்ரவரி 1-2 இரவில் சோவியத் ஒன்றியத்தின் வட ஊரால் மலைகளில் நடந்த நிகழ்வு. ஊரால் பல்தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவரான 23 வயது இகோர் தியாத்லோவ் தலைமையில் பனிச்சறுக்குப் பயணம் சென்ற ஒன்பது பேர், கோலாத் சியாக்கில் என்னும் மலையின் மரமற்ற சரிவில் கூடாரம் அடித்தனர். சரிவை வெட்டிச் சமப்படுத்தி, பனிச்சறுக்குக் கட்டைகளைக் கீழே பரப்பி, அவற்றின்மீது கூடாரத்தை நிறுவியிருந்தனர். இரவில் கூடாரத்தை உள்ளிருந்து கத்தியால் கிழித்துக்கொண்டு, பெரும்பாலோர் காலணி கூட இல்லாமல், ஏறத்தாழ 1.5 கி.மீ. கீழேயுள்ள காட்டை நோக்கிச் சென்றனர். ஒன்பது பேரும் இறந்தனர். ஆறு பேர் குளிராலும், மூவர் கடுமையான உட்காயங்களாலும் இறந்தது பின்னர் தெரியவந்தது. கைவிடப்பட்ட கூடாரத்தைத் தேடல் குழுவினர் பெப்ரவரி 26 அன்று கண்டனர்.

இதைச் சுற்றி வேற்றுக்கோள்வாசிகள் முதல் இரகசிய ஆயுதச் சோதனை வரை பல கதைகள் புனையப்பட்டுள்ளன. 2020இல் உருசிய அரசு வழக்குரைஞர் அலுவலகம், பனிச்சரிவே காரணம் என்று முடிவு கூறியது. 2021இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகன் கோம், அலெக்சாண்டர் புசுரின் ஆகிய இரு பொறியியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணிப்பு இன்னும் நுட்பமானது. கூடாரத்துக்காகச் சரிவை வெட்டியதால் மேலேயிருந்த பனிப்பலகை கீழ்த்தாங்கலை இழந்தது. அதனடியில் வலுவற்ற ஓர் அடுக்கு இருந்தது. இரவு முழுவதும் மலையுச்சியிலிருந்து இறங்கிய காற்று மேலும் வெண்பனியைக் கொண்டுவந்து குவித்தது. வெட்டிய பல மணி நேரத்துக்குப் பிறகு சிறியதொரு பலகை பெயர்ந்து கூடாரத்தின்மீது விழுந்திருக்கலாம் என்பது அவர்களது விளக்கம். சரிவின் மேற்பரப்பு அதிகச் சாய்வு இல்லாததாகத் தோன்றியதே ஐயங்களுக்கு இடமளித்தது. எனினும் வெண்பனிக்கு அடியிலிருந்த தரை, கூடாரத்தின் அருகில் ஏறத்தாழ 28 பாகை சாய்ந்திருந்தது. இவ்விளக்கத்தை ஏற்காதோரும் உள்ளனர். எவ்வாறாயினும், சரிவில் தளம் வெட்டும்போது மேலேயுள்ள வெண்பனியின் சமநிலையும் மாறுகிறது என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

கூடார வகைகள்

ஆங்கிலேய மலையேறியான எட்வர்டு விம்ப்பர் 1860களில் ஆல்ப்சு மலைகளுக்காக உருவாக்கிய கூடாரம், தரைத்துணியும் சுவர்த்துணியும் சேர்த்துத் தைக்கப்பட்டது. இரு முனைகளிலும் இரண்டிரண்டு கழிகள் குறுக்காக நின்றன. அதன் வடிவம் நெடுங்காலம் மலைக்கூடாரங்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. துருவப் பகுதிகளில் நான்கு கழிகள் உச்சியில் ஒன்றுகூடும் கூர்ங்கோபுரக் கூடாரம் நிலைபெற்றது. இராபர்ட் இசுக்காட்டின் பெயரால் வழங்கும் இவ்வகைக் கூடாரத்தில் நுழைவாயில் துணியாலான குழாய் போன்றது. அதன் அடிவிளிம்பைச் சுற்றி அகலமான துணிப்பட்டை தரையில் விரிந்திருக்கும். அதன்மீது வெண்பனியை வாரிக் கொட்டினால் அதுவே பாரமாகிக் கூடாரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தாட்டிக்காவில் பணியாற்றும் ஆய்வுக் குழுக்கள் இவ்வடிவத்தைக் கைவிடவில்லை. எடை மிகுதி என்பதே இதன் குறை. வண்டியில் இழுத்துச் செல்பவருக்கு அது பொருட்டன்று. முதுகில் சுமப்பவருக்குப் பொருட்டு.

1975இல் நார்த் பேசு நிறுவனம், பக்மின்ஸ்டர் புல்லரின் கட்டடக்கலைக் கருத்துகளைப் பின்பற்றி, வளையும் கழிகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டும் குவிமாடக் கூடாரத்தை வெளியிட்டது. கழிகள் குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியும் சுமையைப் பங்கிடுவதால் இவ்வகை, வெண்பனியின் எடையை நன்கு தாங்கும். முளை இன்றியும் ஓரளவு நிற்கும். வளைந்த கழிகளை இணையாக வரிசைப்படுத்திய குகைவடிவக் கூடாரம் எடை குறைந்தது, விரைவில் எழுப்பக்கூடியது. ஆனால் இரு முனைகளிலும் இறுக இழுத்துக் கட்டாவிட்டால் நிற்கவே நிற்காது. கிரீன்லாந்து போன்ற திறந்த பனிவெளிகளில் குகைவடிவமும், உயர்ந்த மலைகளில் குவிமாடமும் மிகுதியாகப் பயன்படுகின்றன.

கடைகளில் மூன்று பருவக் கூடாரம், நான்கு பருவக் கூடாரம் என்று பெயரிடுவது வழக்கம். நான்காவது பருவம் என்பது குளிர்காலம். இவ்வகையில் கழிகள் தடித்தவை, வலைத்துணி குறைவு, வெளித்துணி தரைவரை இறங்கும். நான்கு பருவம் என்னும் பெயர் கதகதப்பைக் குறிப்பதாகப் பலர் கருதுவர். அது சரியன்று. இரட்டைத் துணி கூடாரத்தின் உட்பகுதி வெளியைவிடச் சில பாகைகளே கூடுதலாக இருக்கும். கதகதப்பைத் தருபவை உறங்குபையும் அதற்கடியிலுள்ள பாயும். கூடாரத்தின் வேலை காற்றையும் வெண்பனியையும் தடுப்பது.

தளம் ஒருக்குதல்

கூடாரத்தின் அளவைவிட எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது கூடுதலான பரப்பை மிதித்து இறுக்க வேண்டும். முதலில் பனிச்சறுக்குக் கட்டைகளுடனோ பனிமிதியடிகளுடனோ நடந்து, பின்னர் வெறும் காலணியால் மிதிப்பது முறை. கூடுதலான பரப்பு இழுகயிறுகளைக் கட்டுவதற்கும், இரவில் வெளியே வந்து முழங்கால் அளவு புதையாமல் கூடாரத்தைச் சுற்றி நடப்பதற்கும் உதவும். மிதித்த பின் மண்வாரியின் விளிம்பால் மேடுபள்ளங்களைச் சீவிச் சமப்படுத்தி, குறைந்தது அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும். இந்த இடைவேளையில் சுவருக்கான கட்டிகளை அறுக்கலாம், அடுப்பை மூட்டலாம். மிதிக்காத வெண்பனியில் படுப்பவர் எலும்பு அழுந்தும் இடங்களிலெல்லாம் குழி விழுவதைக் காண்பார்; காலையில் அக்குழிகள் கல்லைப் போல் உறைந்திருக்கும், மறுநாள் இரவும் அதே இடத்தில் படுத்தாக வேண்டும்.

தளம் ஓரளவு சாய்ந்தே அமையுமானால் தலை மேற்பக்கம் இருக்கும்படி கூடாரத்தைத் திருப்புவர். காற்று மிகுந்த இடங்களில் தளத்தை அரை மீட்டர் ஆழத்துக்குத் தாழ்த்தி வெட்டுவதுண்டு. இவ்வாறு வெட்டினால் காற்றுக்கு எதிரே நிற்கும் உயரம் குறையும். ஆனால் அடித்துவரப்படும் வெண்பனி பள்ளத்தை நிரப்ப முயலும். எவ்வளவு ஆழம் என்பது அன்றிரவு மண்வாரியோடு எழுந்திருக்க எத்தனை பேருக்கு மனமுண்டு என்பதையும் பொறுத்தது.

நங்கூரங்கள்

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உயரும். −10 பாகையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஒரு கன மீட்டருக்கு 1.34 கிலோகிராம். நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 270 நியூட்டன் விசையைத் தரும். 2 சதுர மீட்டர் பக்கச்சுவருக்கு இது 55 கிலோகிராம் எடை சாய்ந்து நிற்பதற்கு ஒப்பு. காற்று இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். இந்த விசை முழுவதும் கயிறுகள் வழியாகத் தரைக்குச் செல்ல வேண்டும். தரையோ தளர்ந்த வெண்பனி.

இதற்கான தீர்வு புதைமுளை ஆகும். முளையைச் செங்குத்தாக அடிப்பதற்கு மாறாக, கயிற்றின் இழுவைக்குக் குறுக்காகப் படுக்கவைத்துப் புதைப்பதே இம்முறை. ஆங்கிலத்தில் இதற்குச் செத்த மனிதன் என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. படுத்தபடி புதைக்கப்படுவதால் அப்பெயர் பொருத்தமே. 30 முதல் 50 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டி, கயிறு செல்வதற்கென்று கூடாரத்தை நோக்கி ஒடுங்கிய ஒரு வாய்க்காலைக் கீறி, பொருளைக் குறுக்காக வைத்து, வெண்பனியை நிரப்பி மிதிக்க வேண்டும். இழுக்கும்போது முளையின் முன்னாலுள்ள அகன்ற வெண்பனிக் கட்டி முழுவதும் எதிர்த்து நிற்கும். பரப்பு அதிகமானால் பிடிப்பும் அதிகம். குழிக்கும் கூடாரத்துக்கும் இடைப்பட்ட வெண்பனியை மிதித்துக் குலைக்காமல் இருப்பது முக்கியம். சுமையைத் தாங்கப்போவது அதுவே.

புதைப்பதற்குத் தனியான கருவி தேவையில்லை. அகன்ற அலுமினியத் தகடு, மரக்கிளை, வெண்பனி நிரப்பிய துணிப்பை, நீளமான முளை ஆகிய எதுவும் பயன்படும். பனிச்சறுக்குக் கட்டைகளும் பனிக்கோடரியும் மிகச் சிறந்த நங்கூரங்கள். ஆனால் கூடாரத்தை நிற்கவிட்டுப் பகலில் வெளியே செல்ல எண்ணுபவர் அவற்றைப் பயன்படுத்த முடியாது. அவற்றின் கூரிய விளிம்பு கயிற்றை அறுக்காமல் துணி சுற்ற வேண்டும்.

முடிச்சை எங்கே போடுவது என்பதில் ஒரு சிறிய நுட்பம் உண்டு. கயிற்றைப் புதைமுளையில் முடிச்சிட்டால் காலையில் முழுக் குழியையும் உடைத்தால்தான் அவிழ்க்க முடியும். மாறாக, கயிற்றைப் புதைமுளையைச் சுற்றி வளைத்து மீண்டும் மேலே கொண்டுவந்து வெண்பனிக்கு மேலே முடிச்சிட்டால், புறப்படும்போது முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை உருவிக்கொள்ளலாம். புதைத்தது கிளையானால் அதை அங்கேயே விட்டுவிடலாம். புதைத்தவுடன் கயிற்றை முழு வலுவோடு இழுக்கக் கூடாது. முதலில் தளர்வாகக் கட்டி, வெண்பனி இறுகிய பிறகு இழுத்து முறுக்க வேண்டும். நைலான் துணி ஈரத்திலும் குளிரிலும் சற்றுத் தளரும் என்பதால் உறங்கச் செல்லுமுன் மீண்டும் ஒருமுறை எல்லாக் கயிறுகளையும் தொட்டுப் பார்ப்பது வழக்கம்.

கூடாரத்தை எழுப்புதல்

காற்றில் கூடாரத்தை விரிக்குமுன்பே காற்றுவரும் பக்கத்து மூலையொன்றை நங்கூரத்தில் கட்டிவிட வேண்டும். இருவர் இருந்தால் ஒருவர் துணியின்மீது மண்டியிட்டு அமர, மற்றவர் கழிகளைச் செருகுவார். கடுங்குளிரில் கழிகளின் உள்ளேயுள்ள மீள்கயிறு தன் மீள்தன்மையை இழந்து தொய்ந்துவிடும். மூட்டுகள் முழுதாகப் பொருந்தினவா என்பதைக் கையால் தடவி உறுதிசெய்ய வேண்டும். பாதி பொருந்திய மூட்டு வளைக்கும்போது பிளந்துபோகும். மூட்டில் உறைபனி படிந்திருந்தால் கையுறையால் சூடேற்றலாம். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து நிலைமை மோசமாகும். வெறும் உதட்டை உலோகத்தில் வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

கூடாரத்தின் ஒடுங்கிய, தாழ்ந்த முனை காற்றை நோக்கியும் வாயில் காற்றுக்கு எதிர்ப்புறமாகவும் இருக்கும்படி அமைப்பர். காற்றின் மறைவுப் பக்கத்தில் வெண்பனி குவியும் என்பதால் அப்பக்க வாயிலும் மூடிக்கொள்வதுண்டு. எனவே இரு வாயில்கள் உள்ள கூடாரத்தைத் துருவப் பயணிகள் விரும்புகின்றனர்.

வாயிலுக்கும் உள்ளறைக்கும் இடைப்பட்ட முகப்புப் பகுதி நம் ஊர்த் திண்ணையைப் போன்றது. இதில் தரைத்துணி இராது. இங்கு 30 அல்லது 40 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுவது மிகுந்த பயன் தரும். உள்ளறையின் விளிம்பில் நாற்காலியில் அமர்வதுபோல அமர்ந்து காலணி மாட்டலாம், அடுப்பைக் குழியில் வைத்துச் சமைக்கலாம். கனமான குளிர்காற்றும் படுக்கையில் தங்காமல் குழிக்குள் இறங்கும்.

காற்றுத் தடுப்புச் சுவர்

டெனாலி மலையில் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்திலுள்ள முகாமில், ரம்பத்தால் அறுத்த வெண்பனிக் கட்டிகளை அடுக்கிக் கூடாரங்களைச் சுற்றிச் சுவர் எழுப்புவது வழக்கம். கீழே பெரிய கட்டிகளும் மேலே சிறியவையுமாக, செங்கல் வரிசைபோல மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் அடுக்கி, இடைவெளிகளைத் தூள்பனியால் பூசுவர். சுவர் கூடாரத்தின் உயரம் இருந்தால் போதும்.

சுவர் காற்றை நிறுத்துவதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த காற்று தான் சுமந்துவந்த வெண்பனியைச் சுவரின் மறைவில் கொட்டிவிடும். மறைவில் இருப்பதோ கூடாரம். ஆகவே சுவரை ஒட்டியே கூடாரத்தை அமைத்தவர் காற்றிலிருந்து தப்பி வெண்பனிக்குள் புதைகிறார். இடையில் ஒருவர் நின்று வாரிக்கொட்டும் அளவுக்காவது இடம் விடுதல் வேண்டும்.

குரோசியர் முனையில் பறந்த கூடாரம்

கூடாரத்தின் மதிப்பை உணர்த்தும் நிகழ்வுகளில் மிகவும் அறியப்பட்டது இசுக்காட்டின் இறுதிப் பயணக் குழுவைச் சேர்ந்த மூவருக்கு 1911இல் நேர்ந்தது. எட்வர்டு வில்சன், என்றி பவர்சு, ஆப்சிலி செரி-கராட் ஆகியோர் பேரரசப் பென்குயினின் முட்டைகளைச் சேகரிப்பதற்காக, 1911 சூன் 27 அன்று, அந்தாட்டிக்காவின் கதிரவன் தோன்றாத நடுக்குளிர்காலத்தில், எவான்சு முனையிலிருந்து குரோசியர் முனைக்குப் புறப்பட்டனர். வழியில் வெப்பநிலை −60 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கியது. மூச்சின் ஈரம் உறங்குபைகளில் உறைந்து, அவற்றுக்குள் நுழைவதற்கே நெடுநேரம் போராட வேண்டியிருந்தது.

குரோசியர் முனையில் அவர்கள் கல்லாலும் வெண்பனியாலும் சுவர் எழுப்பி, மேலே தடித்த துணியைக் கூரையாகப் போர்த்திய குடில் ஒன்றைக் கட்டினர். கூடாரத்தை அதன் பக்கத்திலேயே நிறுவி, பொருள்களை அதில் வைத்திருந்தனர். சூலை 22 அன்று வீசிய புயல் கூடாரத்தைத் தூக்கிச் சென்றது. மறுநாள் குடிலின் துணிக்கூரையும் கிழிந்து போயிற்று. மூவரும் உறங்குபைகளுக்குள் கிடக்க, மேலே வெண்பனி மூடியது. கூடாரமின்றி நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட திரும்புவழியைக் கடக்க இயலாது என்பதை மூவரும் அறிந்திருந்தனர். புயல் தணிந்தபின் இருளில் தேடிச்சென்ற பவர்சு, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் சரிவின் அடியில் அதனைக் கண்டெடுத்தார். கழிகள் குடையைப் போல் ஒருங்கே மூடிக்கொண்டதால் அது பெரும் சேதமின்றித் தப்பியிருந்தது. அடுத்த இரவுகளில் பவர்சு கூடாரத்திலிருந்து ஒரு கயிற்றைத் தம்மோடு கட்டிக்கொண்டு உறங்கினார். கூடாரம் போனால் தாமும் அதனுடன் போவதாக முடிவு. ஆகத்து 1 அன்று மூவரும் மூன்று முட்டைகளுடன் முகாமுக்குத் திரும்பினர். செரி-கராட் இதனை 1922இல் வெளியிட்ட உலகின் மிக மோசமான பயணம் என்னும் பொருள்படும் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

வில்சனும் பவர்சும் அடுத்த ஆண்டு இசுக்காட்டுடன் தென்முனையிலிருந்து திரும்பும் வழியில் இறந்தனர். 1912 நவம்பர் 12 அன்று தேடல் குழு அவர்களைக் கண்டபோது கூடாரம் கிழியாமல் நின்றுகொண்டிருந்தது. அடுத்த உணவுக் கிடங்கு அங்கிருந்து ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவிலேயே இருந்தது. குழுவினர் கழிகளை அகற்றி, கூடாரத் துணியையே மூவரின் மீதும் படியவிட்டு, மேலே வெண்பனியால் மேடு எழுப்பினர்.

இரவுப் பேணல்

30 செ.மீ. புதுப்பனி, அடர்த்தி 100 கிலோகிராம் எனக் கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோகிராம் எடையாகும். 4 சதுர மீட்டர் கூரைக்கு 120 கிலோகிராம். இரு ஆட்கள் மேலே படுத்திருப்பதற்குச் சமம். எனவே பொழிவு மிகுந்த இரவுகளில் முறைவைத்து எழுந்து வெண்பனியை அகற்ற வேண்டும். உள்ளிருந்து துணியைத் தட்டினால் கூரையிலுள்ளது வழுக்கி விழும். ஆனால் அது சுவரோரத்தில் சேர்ந்து உள்ளறையை நெருக்குவதோடு, அடிப்புறக் காற்றுவழிகளையும் அடைத்துவிடும். ஆதலால் வெளியே சென்று வாரியே ஆக வேண்டும். மண்வாரியின் கூர்விளிம்பு துணியில் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். அந்த மண்வாரியை இரவில் வெளியே விடக் கூடாது, உள்ளே படுக்கையருகே வைத்திருக்க வேண்டும். புதைந்த கூடாரத்துக்கு வெளியேயுள்ள மண்வாரியால் யாருக்கும் பயனில்லை.

உறங்கும் ஒருவர் இரவில் சில நூறு மில்லிலீட்டர் நீரை மூச்சாலும் தோலாலும் ஆவியாக வெளிவிடுகிறார். அது உட்துணியில் உறைபனியாகப் படிந்து, யாரேனும் அசைந்தால் முகத்தில் கொட்டும். குளிருக்கு அஞ்சிக் காற்றுவழிகளை மூடுவதால் நனைவுதான் மிஞ்சும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் திறந்துவைத்தால் ஈரக்காற்று மேலே வெளியேறும்.

அடுப்பும் நச்சுவளியும்

வெண்பனி முகாமில் அடுப்பின் முதல் வேலை நீர் உண்டாக்குவது. −10 பாகையிலுள்ள ஒரு கிலோகிராம் வெண்பனியைக் கொதிநீராக்க ஏறத்தாழ 775 கிலோசூல் ஆற்றல் வேண்டும்; அதில் 334 கிலோசூல் உருக்குவதற்கே செலவாகிறது. பாத்திரத்தில் முதலில் சிறிது நீர் ஊற்றிய பிறகே வெண்பனியைப் போட வேண்டும். வறண்ட வெண்பனியை மட்டும் போட்டால், உருகிய நீரை மேலேயுள்ள பனி பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ள, அடிப்பாகம் தீய்ந்துபோகும்.

மூடிய கூடாரத்தில் அடுப்பு எரிப்பதன் பேரிடர் தீயைக் காட்டிலும் கார்பன் மோனாக்சைடு ஆகும். நிறமோ மணமோ அற்ற இவ்வளி குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இணைகிறது. தலைவலி, குமட்டல், சோர்வு ஆகிய அறிகுறிகள் உயரமலை நோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதால் அடையாளம் காண்பது கடினம். அமெரிக்கரான இரிச்சர்டு பேர்டு 1934இல் அந்தாட்டிக்காவில் தனியே ஒரு குடிலில் குளிர்காலத்தைக் கழித்தபோது அடுப்புப் புகையாலும் மின்னாக்கியின் புகையாலும் நச்சேறிச் சாவின் விளிம்புக்குச் சென்றார். ஆகத்து மாதத்தில் மீட்புக் குழு அவரை அடைந்தது. கூடாரம் குடிலைவிடச் சிறியது. அடுப்பை முகப்பில் வைத்து, வாயிலின் மேற்பகுதியைத் திறந்துவைத்தே எரிக்க வேண்டும். புதுப்பனி வெளித்துணியைச் சுற்றிலும் அடைத்திருக்கும்போது, திறந்திருப்பதாக எண்ணிய காற்றுவழியும் மூடியிருக்கக்கூடும்.

படைத்துறைப் பயன்பாடு

இமயத்தின் கிழக்குக் காரகோரத்திலுள்ள சியாச்சின் பனியாற்றில் 1984 முதல் இந்தியப் படைவீரர்கள் கூடாரங்களிலும் சிறு குடில்களிலும் ஆண்டு முழுவதும் தங்கிவருகின்றனர். 2016 பெப்ரவரி 3 அன்று ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் நிலையத்தின்மீது பனிச்சுவர் சரிந்ததில் மெட்ராசு படைப்பிரிவின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதையுண்டனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறாம் நாள், பல மீட்டர் ஆழத்தில், கருநாடகத்தைச் சேர்ந்த லான்சு நாயக் அனுமந்தப்பா கொப்பத் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். பெப்ரவரி 11 அன்று தில்லியில் படை மருத்துவமனையில் அவரும் காலமானார்.

மாற்று உறைவிடங்கள்

காற்று கூடாரம் தாங்கும் அளவைக் கடக்கும்போது வெண்பனிக்குள் குகை தோண்டுவது பழைய வழி. குகை காற்றில் அதிராது, ஓசை புகாது, வெளியே −40 பாகையானாலும் உள்ளே உறைநிலைக்குச் சில பாகைகளே கீழிருக்கும். தோண்டுவதற்குப் பல மணி நேரம் ஆவதும், தோண்டுபவர் வியர்வையில் நனைவதும் குறைகள். 1967இல் டெனாலியைக் குளிர்காலத்தில் முதன்முதலாக ஏறிய ஆர்ட் டேவிட்சன், டேவ் ஜான்சுடன், ரே ஜெனே ஆகிய மூவர் இறங்கும் வழியில் புயலில் சிக்கி, பனிக்குகையில் ஆறு நாள்கள் அடைபட்டு உயிர்தப்பினர். 1984 பெப்ரவரி 12 அன்று அதே மலையைக் குளிர்காலத்தில் முதன்முதலாகத் தனியே ஏறிய சப்பானியரான நவோமி உவேமுரா, எடையைக் குறைப்பதற்காகக் கூடாரத்தைத் தவிர்த்துப் பனிக்குகைகளை நம்பிச் சென்றவர். பனிப்பிளவில் விழுந்தால் குறுக்கே தடுத்து நிற்பதற்கென மூங்கில் கழிகளை உடலோடு கட்டியிருந்தார். இறங்கும்போது காணாமற்போன அவரது உடல் கிடைக்கவில்லை.

கூடாரத்தைக் கலைத்தல்

புறப்படும்போது எழுப்பிய வரிசைக்கு நேர்மாறான வரிசை பின்பற்றப்படுகிறது. முதலில் உட்துணியின் உறைபனியைத் தூரிகையால் துடைத்து வெளியேற்ற வேண்டும். இல்லையெனில் அது மடிப்புக்குள் தங்கி அடுத்த இரவில் எடையாகவும் ஈரமாகவும் திரும்பிவரும். காற்றுவரும் பக்கத்து நங்கூரம் இறுதியாகவே அவிழ்க்கப்படும். இறுகிய புதைமுளைகளை இழுத்துப் பிடுங்க முயன்றால் கயிறோ துணியின் காதோ அறுந்துபோகும். பக்கவாட்டில் வெட்டியே எடுக்க வேண்டும். வெட்டும் மண்வாரி கயிற்றில் படாதிருக்க, புதைக்கும்போதே ஒவ்வொரு முளையின் இரு முனைகளுக்கும் மேலே குச்சி நட்டு அடையாளமிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. கட்டிய சுவர்களை டெனாலியில் பெரும்பாலும் இடிக்காமல் விட்டுச்செல்வர், அடுத்து வருபவர்கள் அவற்றைச் செப்பனிட்டுப் பயன்படுத்திக்கொள்வர்.